வர்ணம் முடிந்ததும் பிள்ளையிடம் கேளுங்கள்

திருச்சியில் வீட்டிலேயே வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்கும் பெற்றோர் பெரும்பாலும் கேட்பது இரண்டுதான்: கீர்த்தனைக்கு எப்போது வருவீர்கள், எந்தப் பரீட்சை எழுதலாம். என் பெண் சொந்தமாக ஒரு ஸ்வரம் எப்போது போடுவாள் என்று எவரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது அதுதான் என்பது என் கட்சி.

நம் பாடமுறையே அதற்கு இடம் வைத்திருக்கிறது. புரந்தரதாசர் வகுத்ததாகப் போற்றும் வரிசையில், மாயாமாளவகௌளையில் தொடங்கி சரளி, ஜண்டை, தாட்டு, அலங்காரம், கீதம் என்று போகிறோம். விரல் பழகத்தான் இதெல்லாம் என்று நினைத்துவிடுகிறோம். ஜண்டை வரிசையில் ஒரு சின்ன உருவை எடுத்து ஒவ்வொரு ஸ்வரமாக மேலே ஏற்றுகிறோம். அலங்காரத்தில் உருக்களை ஏழு தாளங்களுக்குள் நீட்டியும் குறுக்கியும் அமர்த்துகிறோம். உருவைப் பிடிப்பது, நகர்த்துவது, தாளத்துக்குள் அடக்குவது. சாகித்யகர்த்தா உட்கார்ந்து செய்யும் வேலையும் இதுவே. எட்டு வயதுப் பிள்ளைக்கு அதைக் கையில் கொடுத்துவிட்டு, 'நீயும் ஒன்று செய்து பார்' என்று மட்டும் சொல்லாமல் விடுகிறோம்.

வர்ணத்துக்கு வரும்போது இது இன்னும் தெளிவாகத் தெரியும். பூச்சி சீனிவாச ஐயங்காரின் மோகன வர்ணத்தை வாசிக்காத மாணவர் இருக்க மாட்டார். இரண்டு காலத்திலும் பிசகாமல் வாசித்தால் போதும் என்று அதைத் தள்ளிவிடுகிறோம். வர்ணத்தின் சரணத்தில் எத்துகடை ஸ்வரங்கள் எப்படி வளர்கின்றன என்று பாருங்கள். முதலாவது நெட்டெழுத்துகளாக நின்று ராகத்தை நிறுத்திக் காட்டும். அடுத்தடுத்தவை நெருங்கி, நீண்டு, ஆவர்த்தனங்களைத் தாண்டிப் போய், சரணத்தின் எடுப்புக்குத் திரும்பி வரும். ஓர் எண்ணத்தை எப்படி வளர்ப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்து ஊர்க்காரரையே சொல்கிறேன். காவிரியும் கொள்ளிடமும் தாண்டினால் லால்குடி. தியாகராஜர் வந்து பஞ்சரத்னம் பாடிய ஊர். 1930இல் பிறந்த லால்குடி ஜெயராமனுக்குக் குரு அவருடைய அப்பா வி.ஆர். கோபால ஐயர். 12 வயதில் பக்கவாத்தியக்காரராக மேடையேறினார். அதன் பிறகு அரியக்குடி, செம்பை, செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி, ஆலத்தூர் சகோதரர்கள் என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் அத்தனை பேருக்கும் வாசித்தார். பக்கவாத்தியம் என்பது இரண்டாம் இடம் என்று எண்ணுகிறவர்கள் ஒரு கச்சேரியில் வயலினை மட்டும் கவனித்துக் கேட்க வேண்டும். பாடகர் எங்கே போகப் போகிறார் என்று முன்கூட்டித் தெரியாது. அவர் ஸ்வரம் பாடி நிறுத்தியதும் வில் பதில் சொல்லியாக வேண்டும். அப்படியே திருப்பி வாசித்தால் சப்பென்றிருக்கும். விலகிப் போனால் கச்சேரி குலையும். இன்று அரியக்குடியின் மத்திமகால விறுவிறுப்பு, நாளை மதுரை மணியின் சர்வலகு, மறுநாள் ஆலத்தூர்க்காரர்களின் கணக்கு. ஒவ்வொரு மேடையிலும் அந்தந்த நொடியில் புதிதாக ஒன்றைக் கட்ட வேண்டியிருந்தது.

அவருடைய வர்ணங்களும் தில்லானாக்களும் அங்கிருந்துதான் விளைந்தன என்று நான் உறுதியாக நம்புகிறேன். தேஷ் தில்லானாவையோ மோகனகல்யாணி தில்லானாவையோ கேளுங்கள். உள்ளே கணக்கு கெட்டியாக இருக்கிறது, காதுக்குக் கனக்கவில்லை. எழுபதைக் கடந்த வயதில் 'சிருங்காரம்' படத்துக்கு இசையமைத்துத் தேசிய விருதும் பெற்றார்.

அவரெல்லாம் பிறவி மேதை, நம் பிள்ளைகளோடு ஒப்பிடலாமா என்பார்கள். ஒப்பிடவில்லை. மேதைகளும் இந்தச் சரளி வரிசையில்தான் தொடங்கினார்கள். செய்துபார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குச் சீக்கிரம் கிடைத்தது, அவ்வளவுதான்.

என் வகுப்பில் மோகன வர்ணம் முடித்த பிள்ளையிடம், அந்தச் சரணத்துக்கு நீயாக ஓர் ஆவர்த்தனம் ஸ்வரம் எழுதிக்கொண்டு வா என்பேன். ஆதி தாளம், எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நான்கு மாத்திரை, ஆக 32. ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் 'கபகரிச' என்ற ஐந்தை மூன்று முறை வைத்து முடிப்பதாகத் தீர்மானித்து வந்தாள். முன்பகுதிக்கு 16 எழுதியிருந்தாள். தாளம் போட்டுப் பாடினால் ஒரு மாத்திரை முந்திக்கொண்டு ஸ்வரம் தீர்ந்துவிடுகிறது. எங்கே குறைகிறது என்று நான் சொல்லவில்லை. விரலை எண்ணி எண்ணி இரண்டு மூன்று தடவை பாடினாள். கடைசியில் முன்பகுதி முடியும் 'ப'வை ஒரு மாத்திரை நீட்டினாள். கணக்கு சரியானது மட்டுமில்லை, அந்தக் கார்வை விழுந்த பிறகு மூன்று ஐந்துகளும் எடுப்பாகக் கேட்டன. கார்வை எதற்கு என்று நான் பலகையில் எழுதி விளக்கியிருந்தால் அவள் தலையாட்டியிருப்பாள், அவ்வளவுதான்.

இப்படி விட்டால் பாடாந்தரம் கெட்டுப்போகும் என்று மூத்தவர்கள் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். குரு சொல்லிக்கொடுத்த சங்கதியில் பிள்ளை கைவைக்கக் கூடாது என்பதில் நானும் கண்டிப்பானவள். சொந்த ஸ்வரத்தைத் தனி நோட்டில் எழுதட்டும். ராகத்துக்குப் புறம்பான ஸ்வரம் வந்தால் அங்கேயே காது பிடித்துக்கொள்ளும். தானே கட்டியதில் வந்த பிழை பிள்ளைக்குச் சீக்கிரம் உறைக்கிறது. அப்படிப் பழகிய பிள்ளை வர்ணத்தை வாசிக்கும் விதமும் மாறுகிறது. அவசரம் குறைகிறது.

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. கடைசி ஆண்டுத் தேர்வில், மாணவர் தாமே இயற்றிய ஒரு சிட்டைஸ்வரத்தை வாசிக்கச் சொல்லி அதற்கும் மதிப்பெண் கொடுக்கலாம். இதற்குப் புதுக் கட்டடமோ நிதியோ வேண்டாம். சபாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். நவராத்திரிக்கும் தியாகராஜ ஆராதனைக்கும் பிள்ளைகளை வரிசையாக மேடையேற்றுகிறீர்கள். ஒருவரையாவது சொந்த ஸ்வரம் வாசிக்கச் சொல்லுங்கள். நிகழ்ச்சிநிரலில் ராகம், தாளத்துக்குப் பக்கத்தில், இயற்றியவர் என்ற இடத்தில் அந்தப் பிள்ளையின் பெயரைப் போடுங்கள்.