பூனை வளர்ப்பார்க்கு ஒரு விண்ணப்பம்

மனிதன் தன் மனைக்கண் வளர்க்கும் பிராணிகளுள் பெரும்பாலன அவனால் பிடித்துக் கொணரப்பட்டவை. ஆவும் எருமையும் பாலின்பொருட்டுக் கொணரப்பட்டன, காளை ஏரின்பொருட்டு, நாய் வேட்டைக்கும் காவலுக்கும். பூனை ஒன்றே அழையா விருந்தாக வந்து, நெற்குதிரின் அருகே அமர்ந்து, 'இவ்வீடு என்னுடையது' என்று தானே தீர்மானித்துக்கொண்டது. இஃது வேடிக்கைப் பேச்சன்று. மக்கள் பயிர்த்தொழில் கற்றுத் தானியத்தைச் சேர்த்துவைக்கத் தொடங்கிய காலத்தே அத்தானியத்தை நாடி எலி வந்தது. எலியை நாடிக் காட்டுப்பூனை வந்தது என்பர் ஆராய்ச்சியாளர். சைப்பிரஸ் தீவிலே ஏறத்தாழ 9,500 ஆண்டுகட்கு முற்பட்ட புதைகுழியொன்றில், மனித எலும்புக்கூட்டின் அருகே பூனையின் எலும்புக்கூடும் கிடந்த செய்தி 2004-இல் வெளியாயிற்று. அத்தீவில் பூனை இயற்கையாக வாழ்ந்ததில்லை ஆதலின், யாரோ ஒருவர் அதனை ஓடத்தில் ஏற்றிக்கொண்டு கடல் கடந்திருத்தல் வேண்டும்.

எங்கள் ஊராகிய அடி அண்ணாமலையிலும் அப்பழங்கதையே மீண்டும் நடந்தது. திருவண்ணாமலைக்கு வருவோர் மலையைச் சுற்றி நடக்கும் பதினான்கு கிலோமீட்டர்ப் பாதையில், மலைக்கு மேற்றிசையில் உள்ள சிற்றூர் எங்களது. எங்கள் பக்கத்தார் மல்லாட்டை என்று வழங்கும் மணிலாக்கொட்டையை அறுவடைக்குப்பின் மூட்டைகளாகக் கட்டி நடையில் அடுக்குவோம். அடுக்கிய மூன்றாம் நாளே சாக்கின் அடியில் ஓட்டை விழும். காலையிலே தோல்மட்டும் குவிந்து கிடக்கும். பொறி வைத்தோம், ஒன்று அகப்பட்டால் ஒன்பது தப்பின. அவ்வாறிருக்க ஒரு மார்கழி இரவில் கருநிறப் பெண்பூனையொன்று ஓட்டு விளிம்பின் வழியே இறங்கி வந்தது. என் பாட்டியார் அதற்குக் கறுப்பி என்று பெயரிட்டுச் சிறிது பால் ஊற்றினார். அன்றுமுதல் சாக்குகள் முழுமையாய் நின்றன. எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சலை எண்ணினால், காப்பாற்றப்பட்டது மல்லாட்டை மட்டுமன்று என்பதும் விளங்கும்.

தமிழ் மாணவன் ஆதலின் ஈண்டு ஒரு சிறு விலகலைப் பொறுத்தருள்க. தொல்காப்பியர் மரபியலிலே வெருகின் இளமைப்பெயர் குட்டி என்றார். வெருகினைப் பூசை என்றலும் வழக்கே என்றார். குறுந்தொகையின் 220-ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியார் முல்லையின் பசிய அரும்புக்குச் சிரிக்கும் வெருகை உவமை கூறினார். பூனை கொட்டாவி விடும்போது அருகிருந்து பார்த்தவர்க்கே அவ்வுவமை பிறக்கும். அந்நூலின் 107-ஆம் பாட்டிலோ தலைவி, விடியலைக் கூவித் தன் துயிலைக் கெடுத்த சேவலை, வீட்டெலி தேடும் வெருகின் குட்டிக்கு இரையாகுக எனச் சபிக்கின்றாள். கம்பரோ அவையடக்கத்தில் தம்மையே பாற்கடலை நக்கப் புகுந்த பூனையாகக் காட்டினார். இவருள் எவரும் பூனையை மடியில் வைத்துக் கொஞ்சினாராகத் தெரியவில்லை. ஆயினும் எவரும் அதனைக் கூர்ந்து நோக்காமலும் இல்லை. எங்கள் இல்லத்தில் ஓதப்படும் திருமறையின் அறுபத்தாறு ஆகமங்களிலோ வீட்டுப்பூனையைப் பற்றிய பேச்சே கிடையாது. அதனைக் காண விழைவோர் கத்தோலிக்கச் சகோதரர் ஏற்றுக்கொண்ட எரேமியாவின் திருமுகத்தைப் புரட்டல் வேண்டும். அங்கே அது விக்கிரகங்களின்மேல் ஏறி அமர்ந்திருக்கிறது. எந்த இடம் உயர்ந்ததோ அதுவே தன் இருக்கை என்று கருதும் அக்குணம் கறுப்பியினிடத்தும் உண்டு. எங்கள் வீட்டில் அவ்விடம் தந்தையாரின் நாற்காலி.

நிற்க. பூனையால் வரும் இன்பம் யாது என்று வினவின், முதலில் என் பாட்டியாரைச் சுட்டுவேன். தாத்தா இறந்தபின் அவர் பேச்சுக் குறைந்தது. பிள்ளைகளாகிய நாங்கள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் சென்றுவிட, பகல் முழுதும் வீடு வெறிச்சென்று இருக்கும். கறுப்பி வந்தபின், அதனை வைதுகொண்டாவது அவர் பேசலானார். "ஏண்டி, ராத்திரியெல்லாம் எங்க சுத்தினே?" என்று தொடங்கும் அவ்விசாரணை அடுப்பு அணையும்வரை நீளும். நாய் இத்தகைய ஏச்சைக் கேட்டால் வாலைக் குழைத்துக் குற்றத்தை ஒப்புக்கொள்ளும். பூனையோ கண்ணை மூடிக்கொண்டு, 'சொல்வதைச் சொல்லி முடி' என்பதுபோல் இருக்கும். முதியோர்க்கு ஏற்ற துணை அதுவே என்பது என் கருத்து. அதனைச் சங்கிலியிற் கட்டி உலவச்செய்ய வேண்டா, குளிப்பாட்ட வேண்டா, ஊருக்குச் செல்லும்போது அழவும் மாட்டாது. இரவிலே நன்னூலைத் திறந்துவைத்துப் படிப்பேனாயின், எச்சூத்திரம் எனக்கு விளங்கவில்லையோ அச்சூத்திரத்தின்மேல் வந்து படுத்துக்கொள்ளும்.

பிறிதோர் இன்பம் கல்வியின்பாற் பட்டது. வைணவருள் தென்கலையார் இறைவனருளுக்குப் பூனையையும் குட்டியையும், வடகலையார் குரங்கையும் குட்டியையும் எடுத்துக்காட்டாகக் கூறுவர் என்று எங்கள் ஆசிரியர் வகுப்பில் விளக்கினார். குரங்கின் குட்டி தானே தாயைப் பற்றிக்கொள்ளும். பூனையின் குட்டியோ யாதொன்றும் செய்யாது. தாயே அதனைக் கவ்விச் செல்லும். விடுமுறையில் கறுப்பி தன் நான்கு குட்டிகளையும் மழைக்கு அஞ்சி மாட்டுக்கொட்டிலிலிருந்து நடைக்கு ஒவ்வொன்றாகக் கவ்வி வந்ததைக் கண்டபோதே அவ்வுரையின் பொருள் எனக்கு விளங்கிற்று. கவ்வியவுடன் குட்டி கால்களை மடக்கிக்கொண்டு அசைவற்றுத் தொங்கியது. அக்குட்டிகளைப் பற்றிப் பின்னர்ச் சொல்லவேண்டியதாகும்.

இனி இடையூறுகள். கருவாட்டுக் கலயம் கவிழ்ந்தது, பாயின் ஓரம் நாராயிற்று என்பன போன்றவற்றை நான் பொருட்படுத்தவில்லை. மற்றொன்றே கவலை தருவது. பூனை வயிறு நிரம்பியிருந்தும் கொல்லும். எங்கள் தோட்டத்தில் முன்பு அணில்கள் மிகுதி, இப்போது குறைவு. மலையின் தென்புறத்துள்ள ரமணாசிரமத்திலே, 1948-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் இறந்த இலக்குமி என்னும் பசுவின் சமாதியும், அதனையடுத்து மான், காகம், நாய் ஆகியவற்றின் சமாதிகளும் உள்ளன. அவ்வரிசையில் பூனைக்கு இடமில்லை. அணிலும் மயிலும் அச்சமின்றி உலாவுமிடத்தில் பூனைக்குப் பெருமை வாராமை வியப்பன்று என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நோயைப் பற்றியும் மறைத்தல் தகாது. வெறிநோய் நாயினால் மட்டுமே வரும் என்று எங்கள் ஊரார் பலர் நம்புகின்றனர். பூனையின் கடியாலும் அது வரலாம். என் தங்கையை ஒரு தெருப்பூனை கடித்தபோது வீட்டார் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினர். மறுநாள் மருத்துவர் கண்டு கடிந்துகொண்டார். கடிவாயைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ளல் வேண்டும்; முதல் நாள், பின்பு 3, 7, 28 ஆகிய நாட்களில் அஃது தொடரும். நோய் வெளிப்பட்டபின் மருந்தில்லை ஆதலின் இதனை விளையாட்டாகக் கருதற்க. கருவுற்ற மகளிர் பூனையின் மலத்தைத் தம் கையால் அள்ளாதிருத்தலும் நலம். அதிலுள்ள ஒருவகை நுண்ணுயிர் சிசுவைத் தாக்கும். இழுப்புநோய் உடையார் சிலர்க்குப் பூனை அருகிலிருப்பதே ஆகாது.

பூனைக்கு நம்மால் வரும் இடையூறும் உண்டு. அது பாலையே விரும்பும் என்பது நம் நாட்டார் நெடுங்கால நம்பிக்கை. சூடான பாலால் வாய் வெந்து பாலைக் கண்டாலே ஓடிய தெனாலிராமன் பூனையின் கதையும் அந்நம்பிக்கையின் மேலே கட்டப்பட்டதுதான். உண்மையில் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கே மிஞ்சும். எங்கள் நகரிலே புலால் உண்ணாத இல்லத்தார் சிலர் தம் பூனைக்கும் தயிர்ச்சோறே இட்டு வளர்க்கின்றனர். அவர்தம் இரக்கத்தை மதிக்கிறேன். ஆயினும் டாரின் என்னும் சத்து புலாலிலும் மீனிலும் உள்ளது; சோற்றிலும் பருப்பிலும் இல்லை. அதனைப் பூனையின் உடல் போதிய அளவு தானே ஆக்கிக்கொள்ளவும் மாட்டாது. அது குறைந்தால் பூனைக்குக் கண் கெடும், இதயம் தளரும். கறுப்பி வெளியே எலி பிடிப்பதால் பிழைத்தது. அறைக்குள் அடைத்துத் தயிர்ச்சோறு இடப்படும் பூனை என் செய்யும்? தன் சமையலறையில் மீனை விரும்பாதவர் பூனையை விட்டுவிட்டுக் கிளியையோ பசுவையோ வளர்க்கலாம் என்பது என் துணிபு. கிளியைக் கூண்டில் அடைத்தலும் சட்டத்துக்கு மாறு ஆதலின், பசுவே எஞ்சுகிறது.

இனிச் சொல்லத் தயங்கியதைச் சொல்லுகிறேன்.

பெண்பூனை ஆறு மாதத்திற்குள்ளாகவே கருவுறக் கூடும். சூல் ஏறத்தாழ 65 நாள். ஓர் ஈற்றில் மூன்று முதல் ஐந்து குட்டி. ஆண்டில் இரண்டு மூன்று ஈற்றும் உண்டு. கறுப்பி வந்த ஆண்டிலேயே எட்டுக் குட்டிகளை ஈன்றது. முதல் நான்கை அக்கம்பக்கத்தார் விரும்பி ஏற்றனர். இரண்டாம் முறை எவரும் ஏற்கவில்லை. கொல்வது பாவம் என்றார் பாட்டியார். வைத்துக்கொள்ள இயலாது என்றார் தந்தையார். இவ்விரண்டுக்கும் நடுவே எங்கள் ஊரார் கண்ட வழி ஒன்று உண்டு: பௌர்ணமி இரவிலே, அடியார் கூட்டம் திரளும் பாதையில், அன்னதானம் நடக்குமிடத்தில் விட்டுவிடுவது. இரக்கமுள்ளவர் எவரேனும் எடுத்துச் செல்வர் என்பது கணக்கு. அப்பணி எனக்கு இடப்பட்டது. நான்கையும் சாக்கிலிட்டு மிதிவண்டியில் கொண்டுசென்று, ஒரு பந்தலின் பின்புறத்தில் சாக்கின் வாயை அவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தேன். அன்றிரவு பல்லாயிரம் கால்களும் எண்ணற்ற வண்டிகளும் அவ்வழியே சென்றன. கறுப்பி மூன்று நாள் மூட்டை மூட்டையாக, பானை பானையாகத் தேடிக் கத்திற்று. இரண்டாம் நாள் மனம் பொறாமல் அவ்விடத்திற்குச் சென்றேன். ஒன்றைச் சாலையோரத்திலே கண்டேன். ஏனைய மூன்றையும் கண்டிலேன்.

மாமல்லபுரத்துப் பெரும்பாறையிலே, கைகளை உயர்த்தித் தவம் செய்யும் பூனையும் அதன் அடியில் எலிகளும் செதுக்கப்பட்டிருத்தலைப் பலரும் கண்டிருப்பீர்கள். பொய்த்தவத்திற்குப் பூனையை அடையாளமாக்கினர் பல்லவர் காலத்துச் சிற்பியர். அச்சாக்கை அவிழ்த்த இரவில் யான் கொண்டிருந்த இரக்கமும் அவ்வகையினதே. புண்ணியத் தலத்தில் விட்டதால் அச்செயல் புண்ணியமாகிவிடவில்லை. 1960-ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவும், வளர்த்த பிராணியைப் பசியாலோ தாகத்தாலோ துன்புறுமாறு காரணமின்றிக் கைவிடுதலைக் குற்றம் என்றே கூறுகிறது. அப்பிரிவை யான் பின்னரே படித்தேன்.

இதற்கு மாற்று உண்டோ எனின், உண்டு. கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்றால் பெண்பூனைக்குக் கருத்தடை செய்வார். சில நாளில் புண் ஆறும். எங்கள் நகரில் தெருநாய்களுக்கு இப்பணி நடந்துவருவதை எவரும் குறைகூறக் கேட்டிலேன். பூனை என்றவுடன் மட்டும் 'இறைவன் படைப்பில் கைவைக்கலாமா?' என்ற வினா எழுகிறது. சாக்கில் கைவைத்த யான் அவ்வினாவை எழுப்பத் தகுதியற்றவன். ஏழையர் அச்செலவை ஏற்கவியலாது என்பர் சிலர். அது மெய்யே, தனியொரு குடும்பத்திற்கு அது பாரந்தான். ஆயினும் ஒரு பூனைக்கு வீடு ஒன்றன்று. கறுப்பி எங்கள் வீட்டில் பால் குடித்தது, அடுத்த வீட்டில் மீன்தலை தின்றது, எதிர்வீட்டில் உறங்கியது. எலியோ மூன்று வீட்டிலும் ஒழிந்தது. மூன்று வீட்டாரும் பகிர்ந்தே அவ்வாண்டுக் கோடையில் அதற்கு அறுவை செய்வித்தோம். எதிர்வீட்டார் பங்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதையும் பாட்டியார் கட்டளைப்படி இங்குப் பதிவு செய்கிறேன்.

இவ்வளவும் எழுதத் தூண்டியது ஊர் நினைவு மட்டுமன்று. நம் விடுதி உணவறையின் பின்கட்டில் வாழும் வரிப்பூனையை அறியாத மாணவர் இலர். மீன் சமைக்கும் நாளில் அதற்கு முப்பது தட்டுகளிலிருந்து முள் விழும். படம் பிடிப்பாரும் பலர். ஏப்ரல் முடிவில் தேர்வுகள் நிறைவுற்று உணவறை பூட்டப்படும், ஜூனில்தான் திறக்கும். சென்ற ஆண்டு அவ்விடைக்காலத்தில் அங்கிருந்த குட்டிகள் எவையும் நாம் திரும்பியபோது இல்லை. எவரும் கேட்கவும் இல்லை. விடுதியில் உறைவோர் தலைக்குப் பத்து ரூபாய் ஈந்தால் அறுவைக்கும் ஊசிக்கும் போதுமானது கிடைக்கும். விடுமுறையில் ஊர் செல்லாத காவலாளரிடம் இரண்டு மாத மீனுக்குரிய பணத்தையும் ஒப்படைக்கலாம். பெயர் தர விரும்புவோர் தமிழ் மன்றச் செயலாளரிடம் தருக. என் பெயரை முதலில் எழுதியிருக்கிறேன். நாள் கடத்த இடமில்லை. வரிப்பூனைக்கு இப்பொழுதே வயிறு சற்றுப் பருத்திருக்கிறது.