அடையாளம் என்பது உரிமை

2023 ஜூன் 2 அன்று மாலை, ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் உள்ள பஹாநகா பஜார் ரயில் நிலையத்தில், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு ரயில் நின்றிருந்த சரக்கு ரயில் மீது மோதியது. சரிந்த பெட்டிகள், அடுத்த தடத்தில் சென்ற பெங்களூரு - ஹவுரா ரயிலின் கடைசிப் பெட்டிகளையும் வீழ்த்தின. 290க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நான்கு மாதங்கள் கழித்து, யாரும் உரிமை கோராத 28 உடல்களைப் புவனேஸ்வர் மாநகராட்சி எரியூட்டியது. அவர்களின் பெயரும் ஊரும் இறுதிவரை தெரியவில்லை.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து 260 பேர் மாண்டனர். உடல்கள் பல கருகிச் சிதைந்திருந்தன. எனினும், பெரும்பாலும் மரபணுப் பரிசோதனையின் துணையால், அம்மாத இறுதிக்குள் இறந்தோர் அனைவரும் அடையாளம் காணப்பட்டனர். ஆய்வகப் பணியாளர்களின் அயராத உழைப்பு பாராட்டுக்குரியது. ஆனால் விமானத்தில் இறந்தோர் அனைவருக்கும் கிடைத்த அடையாளம், ரயிலில் இறந்த 28 பேருக்குக் கிடைக்காதது ஏன்?

மரபணு தானாகப் பேசுவதில்லை. ஒவ்வொருவரும் தாயிடமிருந்து பாதியும் தந்தையிடமிருந்து பாதியும் மரபணுவைப் பெறுகின்றனர். ஆகவே, இறந்தவரின் பல்லிலோ எலும்பிலோ எடுத்த மாதிரியை, பெற்றோர், பிள்ளைகள் போன்ற நெருங்கிய உறவினரின் மாதிரியோடு ஒப்பிட்டால்தான் விடை கிடைக்கும். ஒப்பிட உறவினர் வராவிட்டால் எத்தனை நவீன ஆய்வகமும் ஊமையே.

விமானத்தில் ஏறும் ஒவ்வொருவர் பெயரும் பட்டியலில் உண்டு. யாருடைய குடும்பத்தை அழைப்பது என்பது உடனே தெரிந்துவிடும். ரயிலின் முன்பதிவற்ற பெட்டியில் நெருக்கியடித்துக்கொண்டு பயணிக்கும் தொழிலாளிக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது. வங்கத்திலும் பீகாரிலும் ஜார்க்கண்டிலும் இருந்து தெற்கே பிழைப்புத் தேடி வரும் மக்களின் பெட்டி அது. மகன் எந்த ரயிலில் ஏறினான் என்பதே வீட்டாருக்குத் தெரியாமற்போகலாம். தெரிந்தாலும், கூலியை இழந்து, கடன் வாங்கி, அயல் மாநில மருத்துவமனை வாசலில் வாரக்கணக்கில் காத்திருக்க ஏழையால் இயலுமா?

அடையாளம் என்பது ஈமச்சடங்கோடு முடிவதன்று. அதன்றி இறப்புச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இன்றி இழப்பீடும் விதவை ஓய்வூதியமும் எட்டாக்கனி. காணாமற்போனவர் இறந்ததாகக் கருதப்பட, பொதுச் சட்டப்படி ஏழாண்டுகள் காத்திருக்க வேண்டும்.

மாற்று வழி இல்லாமலில்லை. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைத் தேயிலைத் தோட்டப் பகுதிகளை நிலச்சரிவு விழுங்கியது. சாலியாற்றில் அடித்துச் செல்லப்பட்ட உடல்களும் உடற்பாகங்களும் நிலம்பூர் வரை மீட்கப்பட்டன. அடையாளம் தெரியாதவை, மரபணு மாதிரி எடுக்கப்பட்டபின், புத்துமலையில் எண்ணிட்ட கல்லறைகளில் அடக்கம் செய்யப்பட்டன. முடிவுகள் வர வர, எண்கள் பெயர்களாயின. கண்டறியப்படாதோரை இறந்தவர்களாகக் கருதி உதவி வழங்கவும் கேரள அரசு முடிவெடுத்தது.

ஒன்றிய அரசோ, 2019இல் கொண்டுவந்த மரபணுத் தொழில்நுட்ப மசோதாவை, பாலசோர் விபத்துக்கு அடுத்த மாதமே திரும்பப் பெற்றது. குற்றம் சாட்டப்பட்டோரையும் காணாமற்போனோரையும் ஒரே வங்கியில் சேர்க்க முனைந்த அந்த மசோதா எதிர்ப்புக்கு உரியதே. ஆனால் அதற்கு ஈடாக, பேரிடரில் இறந்தோருக்கெனத் தனிச் சட்டம் எதுவும் வரவில்லை.

தேவை தெளிவானது. உறவினரின் மாதிரி அவரவர் மாவட்டத்திலேயே எடுக்கப்பட வேண்டும். பயணச் செலவையும் இழந்த கூலியையும் அரசே ஏற்க வேண்டும். முடிவுக்குக் காலவரம்பு வேண்டும். துயரத்தில் தரப்பட்ட மாதிரி காவல்துறையின் கைக்குப் போகாமல், பணி முடிந்ததும் அழிக்கப்பட வேண்டும். உரிமை கோரப்படாத உடலின் மாதிரி மட்டும், உறவினர் என்றேனும் வருவர் எனக் காக்கப்பட வேண்டும்.

உழைப்பவன் எந்தப் பெட்டியில் ஏறினாலும், அவன் பெயர் அவனோடு எரிந்துபோகக் கூடாது. அதற்கான அறிவியல் கைவசம் இருக்கிறது. அதை அவன் வீட்டு வாசல்வரை கொண்டுசெல்ல அரசை நிர்ப்பந்திப்பது இயக்கத்தின் கடமை.