மூக்கைப் பொத்தாதீர்கள், நோட்டை எடுங்கள்!

தோழர்களே!

மார்கழி பிறந்துவிட்டது. ராத்திரியில் காற்று அசையாது. தரை சீக்கிரம் குளிரும். மேலே வெதுவெதுப்பான காற்று மூடிக்கொள்ளும். புகைக்கூண்டு கக்குவது மேலே ஏறாது. நம் தெருவில் தங்கும். நம் ஜன்னல் உயரத்தில் தங்கும். தூளியில் கிடக்கிற பிள்ளையின் உயரத்தில் தங்கும்.

இது கம்பெனிக்காரனுக்கும் தெரியும். நமக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்கிறோம்? ஜன்னலைச் சாத்துகிறோம். போர்வையை இழுத்து மூக்கைப் பொத்துகிறோம். "இன்னைக்கு கேஸ் கொஞ்சம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுக்கிறோம்.

போதும் தோழர்களே. எழுந்திருங்கள். லைட்டைப் போடுங்கள். மணி பாருங்கள். எழுதுங்கள்.

மணலியில் இருக்கிறவர்கள் எழுதுங்கள். எண்ணூரில் இருக்கிறவர்கள் எழுதுங்கள். காட்டுக்குப்பம், பெரியகுப்பம், திருவொற்றியூர், எழுதுங்கள். ஒரு குயர் நோட்டு போதும். ஒரு பேனா போதும்.

2023 டிசம்பர் 26 யாருக்கு மறந்திருக்கும்? சுனாமியில் போனவர்களை நினைத்துக் கடற்கரை அழுகிற நாள். அன்று நள்ளிரவை ஒட்டி, கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. கிழவியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு ஓடியது. பலர் மருத்துவமனையில்தான் விடிந்தார்கள்.

அன்றைக்கு ஊரை எழுப்பியது எது? மூக்கு. நம் மூக்கு.

அதற்குப் பிறகுதான் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வந்து அளந்தது. ஆலை வாசலில் ஒரு கனமீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அமோனியா. நாள் சராசரிக்கு அரசு வைத்திருக்கும் வரம்பு 400. கவனியுங்கள் தோழர்களே, ஊர் ஓடிமுடித்த பிறகு எடுத்த அளவு இது. ஓடும்போது எவ்வளவு இருந்தது? அதைச் சொல்ல ஒரு தாள்கூட இல்லை. அந்த நிமிடத்தில் அங்கே இருந்தவர்கள் நாம் மட்டும்தான்.

நாம் மட்டும்தான் என்றால், எழுத வேண்டியவர்களும் நாம்தான்.

வாரியத்துக் கணக்கு எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 24 மணி நேரச் சராசரி. ஒரு நாளில் 48 அரைமணிகள். ஒரே ஒரு அரைமணி, ராத்திரி இரண்டு மணிக்கு வால்வைத் திறந்துவிட்டால் போதும். அந்த விஷம் மிச்சமுள்ள 47 அரைமணிகளோடு சேர்ந்து கரைந்துவிடும். தாளில் கரைந்துவிடும். அறிக்கை "வரம்புக்குள்" என்று வரும். அந்த அரைமணியில் இழுத்த மூச்சு நுரையீரலில் எந்தச் சராசரியோடு கரையும்?

இன்னொன்று. 2009-இல் மத்திய அரசு அறிவித்த காற்றுத் தர வரம்புகளில் 12 மாசுகள் இருக்கின்றன. அமோனியா இருக்கிறது. பென்சீன் இருக்கிறது. நாம் எல்லோரும் "அழுகிய முட்டை நாத்தம்" என்று சொல்கிறோமே, அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு? அந்த 12-இல் இல்லை. பட்டியலில் இல்லாததை யார் அளப்பார்கள்? அளக்காததை யார் கேட்பார்கள்?

நாம் கேட்போம்.

சிலருக்கு உடனே ஒரு சந்தேகம் வரும். நாற்றத்தை எழுதி வைப்பதெல்லாம் அறிவியலா? படிக்காதவன் மூக்கு ஆதாரமா?

கடலூர் போய்க் கேளுங்கள். உப்பனாற்றங்கரையில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. ஈச்சங்காடு, குடிகாடு, செம்மங்குப்பம், எல்லா ஊரிலும் ராத்திரி மூச்சு முட்டியது. புகார் கொடுத்தார்கள். அதிகாரி விடிந்தபின் வந்தார். வந்தபோது நாற்றம் போயிருந்தது. மறுபடி புகார். மறுபடி நாற்றம் போயிருந்தது. ஊர்க்காரர்கள் சலித்துப்போய் வீட்டுக்குள் முடங்கவில்லை. தாங்களே கண்காணிப்பாளர்கள் ஆனார்கள். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, என்ன மாதிரி நாற்றம், உடம்பில் என்ன செய்தது என்று குறித்தார்கள். நெயில் பாலிஷ் வாடையா, அழுகிய முட்டைக்கோஸா, செத்த மிருகமா? ஊர் வாயில் வந்த சொல் அப்படியே தாளில் ஏறியது.

அப்புறம் பக்கெட்டை எடுத்தார்கள். ஆமாம், பிளாஸ்டிக் பக்கெட்! 1995-இல் கலிஃபோர்னியாவில், ஒரு சுத்திகரிப்பு ஆலையின் புகையால் அவதிப்பட்ட ஒரு வக்கீல், மலிவாக ஒரு கருவி வேண்டும் என்று செய்யவைத்தது. பக்கெட்டுக்குள் டெட்லர் என்கிற ஒருவகைப் பிளாஸ்டிக் பை. மூடியில் குழாய். சின்ன பம்பு பக்கெட்டுக்குள் இருக்கிற காற்றை உறிஞ்சும். பை தானாக விரிந்து வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். ஒரு சில நிமிடத்தில் அந்த நேரத்துக் காற்று பைக்குள். நாற்றம் அடிக்கிற நேரத்தில், அடிக்கிற இடத்தில். பையை மூடி ஆய்வகத்துக்கு அனுப்பிவிடலாம்.

2004-இல் கடலூர் மக்கள் பிடித்த காற்றில் 22 வேதிப்பொருட்கள் சிக்கின. புற்றுநோய் தருபவையும் அதில் இருந்தன. உச்ச நீதிமன்றக் கண்காணிப்புக் குழு அந்த ஊர்களுக்கு வந்தது. பிறகு அரசின் சொந்த ஆய்வு நிறுவனமான நீரியே ஆராய்ந்தது. அங்கே வாழ்கிறவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்ற இடங்களைவிட ஏறத்தாழ 2,000 மடங்கு இருக்கலாம் என்று அது சொன்ன செய்தி 2008-இல் வெளியானது.

யார் முதலில் சொன்னது? நீரியா? இல்லை. நெயில் பாலிஷ் வாடை என்று நோட்டில் எழுதிய கை சொன்னது.

அமெரிக்காவிலும் இதுதான். நயாகரா நகரில் லவ் கால்வாய் என்று ஓர் இடம். ரசாயனக் கழிவைப் புதைத்து, மேலே மண் போட்டு, பக்கத்தில் பள்ளிக்கூடமும் கட்டினார்கள். பிள்ளைக்கு வலிப்பு வந்த பிறகு லோயிஸ் கிப்ஸ் என்கிற இல்லத்தரசி 1978-இல் வீடு வீடாகப் போனார். எந்த வீட்டில் என்ன நோய் என்று வரைபடத்தில் குறித்தார். பழைய ஓடைகள் ஓடிய தடத்திலேயே நோய்கள் வரிசைகட்டி நின்றன. அதிகாரிகள் அதை அடுப்படிக் கணக்கு என்கிற மாதிரி ஒதுக்கினார்கள். இரண்டே வருடத்தில், 1980-இல், மொத்தக் குடும்பங்களையும் அங்கிருந்து வெளியேற்ற அரசு ஒத்துக்கொண்டது.

தோழர்களே, ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அறிவியலுக்கு மாற்று என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, சாணி பூசினால் கதிர்வீச்சு வராது, மூச்சுப் பயிற்சி செய்தால் விஷம் ஏறாது என்று, அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். நாம் அறிவியலை வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்னும் வேண்டும் என்கிறோம். ராத்திரி இரண்டு மணிக்கும் வேண்டும் என்கிறோம். நம் தெருவிலும் வேண்டும் என்கிறோம். அது ஏசி அறையில் மட்டும் இருக்கக் கூடாது என்கிறோம்.

எண்ணூர்க் கழியில் காலை வைத்து இறால் தடவுகிற தோழரைக் கேளுங்கள். அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய் உடைந்து எத்தனை வருடம் கழிக்குள் கொட்டியது என்று அவர் கால் சொல்லும். எங்கே இடுப்பளவு தண்ணீர் இருந்தது, இன்றைக்கு எங்கே முழங்காலளவு, எங்கே வெறும் சாம்பல் சேறு என்று அவர் கால் சொல்லும். அவரிடம் யாரும் கேட்கவில்லை. மாறாக என்ன நடந்தது? 2017-இல் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது வெளியே வந்த அரசு வரைபடத்தில் எண்ணூர்க் கழியே இல்லை! மத்திய அரசு 1996-இல் ஒப்புதல் தந்த வரைபடத்தில் இருந்த கழி. படகு ஓடுகிற கழி. காகிதத்தில் கழியையே தூர்த்துவிட்டார்கள்.

அப்படிப்பட்ட காகிதத்துக்கு எதிராக நம் கையில் என்ன காகிதம் இருக்கிறது? அதுதான் கேள்வி.

எழுதாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஓர் அதிகாரி எழுந்து, "இந்தப் பகுதியிலிருந்து புகார் எதுவும் பதிவாகவில்லை" என்று வாசிப்பார். ஒரே வரி. நம் இருமல், நம் பிள்ளையின் வீசிங், நாம் தூங்காத ராத்திரிகள், எல்லாம் அந்த ஒரே வரியில் போய்விடும். நம் மௌனத்தை அவர்கள் சம்மதம் என்று கோப்பில் வைத்துத் தைப்பார்கள்.

தைக்க விடாதீர்கள்.

ஊரெல்லாம் சுயமுன்னேற்றப் பயிற்சி நடக்கிறது. ஹோட்டல் ஹாலில் மைக்கைப் பிடித்து, "கண்ணை மூடுங்கள், ஆழ்ந்து மூச்சு இழுங்கள், உங்கள் எண்ணத்தை மாற்றுங்கள்" என்கிறார்கள். மணலியில் வந்து ஆழ்ந்து மூச்சு இழுக்கச் சொல்லுங்கள், பார்ப்போம்!

வளர்ச்சி எப்படி இருக்கும் என்று நான் சொல்கிறேன். கூட்டம் என்றால் பின்வரிசையில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உட்காரும் பெண். அவர் நோட்டு எழுத ஆரம்பிக்கிறார். முதலில் நேரம் மட்டும். அப்புறம் காற்று எந்தப் பக்கம் என்று. அப்புறம் பக்கத்து வீட்டிலும் கேட்டு எழுதுகிறார். ஒரு நாள் முன்வரிசைக்கு வருகிறார். கையில் மைக். எதிரே இன்ஜினீயர். "சார், நீங்க சொல்ற இந்த நம்பர் ஒரு மணி நேர அளவா, 24 மணி நேரச் சராசரியா?" என்று கேட்கிறார். இன்ஜினீயர் தாளைப் புரட்டுகிறார். ஹால் அமைதியாகிறது. அந்தப் பெண் உட்காரவில்லை. பதில் வரும்வரை நிற்கிறார்.

எத்தனை ஆயிரம் கட்டினாலும் எந்தப் பயிற்சியிலும் கிடைக்காத முதுகெலும்பு அது. உங்களுக்கும் வரும். எழுத ஆரம்பியுங்கள், வரும்.

பயம் இருக்கிறதா? இருக்கட்டும். பயத்தோடே எழுதுங்கள். நம் வீட்டிலேயே அந்தக் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர் இருக்கிறார். "சோத்துல மண்ணைப் போடாதே" என்கிறார். அவரை எதிரியாக்காதீர்கள். நமக்கு முன்னால் அந்த கேஸை இழுக்கிறவர் அவர்தான். அவருக்காகவும் எழுதுங்கள்.

எப்படி எழுதுவது? "விஷவாயு வந்தது" என்று எழுதாதீர்கள். அது நம் முடிவு, நாம் முகர்ந்தது அதுவல்ல. "ராத்திரி 11.40. அழுகிய முட்டை நாற்றம். வாடைக்காற்று, லேசாக. கண் எரிந்தது. சின்னவனுக்கு இருமல். 12.15-க்குக் குறைந்தது." இப்படி எழுதுங்கள். கூட்டாதீர்கள். நாற்றம் இல்லாத நாளும் "இல்லை" என்று எழுதுங்கள். அந்த "இல்லை"தான் மற்ற நாட்களுக்கு பலம். ஒரு பொய் வரி நூறு நிஜ வரிகளைச் சாகடித்துவிடும், எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒன்றைத்தான் தேடுவார்.

இன்னொரு எச்சரிக்கை, உயிர் போகிற எச்சரிக்கை. முட்டை நாற்றம் பலமாக அடித்துச் சட்டென்று நின்றுபோனால் நிம்மதியடையாதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு மீறினால் மூக்கையே மரத்துப்போக வைக்கும். நாற்றம் நின்றது, வாயு நிற்கவில்லை. நோட்டைப் போட்டுவிட்டு ஆட்களைக் கிளப்புங்கள். காற்றுக்குக் குறுக்கே ஓடுங்கள். எழுதுவது அப்புறம்.

நம் நோட்டு கோர்ட்டில் அப்படியே நின்றுவிடாது, உண்மைதான். 1981 காற்றுச் சட்டப்படி வழக்குக்கு நிற்பது வாரியத்து ஆள் முறைப்படி எடுத்த மாதிரிதான். சரி. நம் நோட்டை வைத்து அந்த ஆளை எந்த நேரத்துக்கு, எந்தத் தெருவுக்கு வரவேண்டும் என்று நாம் சொல்வோம். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமையில் கேட்போம், 30 நாளில் பதில் சொல்லவேண்டும். அதே காற்றுச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு, 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு எந்தக் குடிமகனும் நேரடியாக நீதிமன்றம் போகலாம் என்கிறது. எந்தக் குடிமகனும் தோழர்களே! அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் முன்பே அறிவிப்பு வரவேண்டும், சுற்றுச்சூழல் தாக்க ஆய்வறிக்கையின் சுருக்கம் தமிழில் வரவேண்டும். கேட்டு வாங்குங்கள். நம் நோட்டோடு சேர்த்துவைத்துப் படியுங்கள்.

மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணெய் வந்து கழி முழுக்கப் படர்ந்தபோது என்ன செய்தோம்? மக்கில் அள்ளினோம். பக்கெட்டில் அள்ளினோம். 2017-இல் கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோதும் பக்கெட்டில்தான் அள்ளினோம். அவர்கள் கொட்டுவதும் நாம் அள்ளுவதும் எத்தனை காலம்? அதே பக்கெட்டை இந்த முறை வேறு வேலைக்கு எடுப்போம்.

சரி, இன்றிரவு. தெருவுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பத்து மணியிலிருந்து இரண்டு வரை, இன்னொருவர் இரண்டிலிருந்து விடியும்வரை. நைட் ஷிஃப்ட் முடித்து வருகிற தோழர்கள் வரும் வழியில் மூக்கைத் திறந்து வாருங்கள், வந்ததும் எழுதுங்கள். பிள்ளைக்குப் பால் கொடுக்க முழிக்கிற தாய்மாரே, நீங்கள் எப்படியும் முழிக்கிறீர்கள், ஒரு வரி எழுதுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே, பாட்டி சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லா நோட்டையும் ஒரே பாயில் போட்டு நேரம் பார்த்து ஒட்டுவோம். எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு ஆரம்பித்து எந்தத் தெருவுக்கு நகர்ந்தது என்று பார்த்துவிடுவோம்.

பெரியகுப்பத்துக்கு யார்? காட்டுக்குப்பத்துக்கு யார்? மணலி மார்க்கெட் பக்கம் யார்? கையைத் தூக்குங்கள் தோழர்களே, பேர் எழுதிக்கொள்கிறேன்.