பிள்ளைச்சாவடிக்கும் சொல்லுங்கள்!

புதுவையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போகிற தோழர்கள் இரண்டு காட்சிகளைப் பார்த்திருப்பார்கள். ஒன்று, 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்து, காலாப்பட்டிலே பரந்து விரிந்து கிடக்கும் பல்கலைக் கழகம். மற்றொன்று, அதற்குக் கூப்பிடு தூரத்தில், கடல் கொஞ்சங் கொஞ்சமாகத் தின்று கொண்டிருக்கும் பிள்ளைச்சாவடி.

அந்தப் பல்கலைக் கழகத்திலே பயன்பாட்டு உளவியலுக்கென்று ஒரு துறை உண்டு. அந்த நாளில் மனோதத்துவம் என்றோமே, அதுதான். உளவியல் துறை, மூளை நரம்பியல் துறை என்றிருந்தால் அங்கே ஆராய்ச்சி உரைகள் நடக்கும். எந்த நாட்டிலும் முறை ஒன்றுதான். வெளியூர் அறிஞர் ஒருவர் வருவார். திரையிலே படம் ஓடும். முக்கால் மணி நேரம் ஆங்கிலத்தில் பேசுவார். பிறகு கேள்விகள், பிறகு தேநீர். நினைவு, அச்சம், உறக்கம், போதைப் பழக்கம், மூளையின் எந்தப் பகுதி எந்த வேலையைச் செய்கிறது - இவைதாம் பேச்சின் பொருள். நல்ல காரியம், நாம் குறை சொல்ல வரவில்லை. யாருடைய மனத்தைப் பற்றிப் பேசுகிறீர்களோ, அவர் காதுக்கு அது எப்போது எட்டும் என்றுதான் கேட்கிறோம்.

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துப் பாருங்கள். இலட்சம் பேருக்குத் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டவர்கள், இந்தியா முழுமைக்கும் 12.4. புதுவைக்கு 29.7! சிக்கிமுக்கும் அந்தமானுக்கும் அடுத்த இடம் நமக்கு. நாடு முழுவதும் அப்படி மாண்டவர்களில் நூற்றுக்கு 26 பேர் தினக்கூலிகள் என்றும் அதே கணக்கு சொல்கிறது. அதாவது நம்மவர்கள்; காலையில் இந்த ஏட்டைத் தேநீர்க் கடையில் பிரிப்பவர்கள்.

கடன்காரன் வாசலில் நிற்பதற்கும், கடல் வீட்டுச் சுவரைத் தட்டுவதற்கும் மூளைக்குள்ளே மருந்து தேட வேண்டாம். 1980-களின் பிற்பகுதியில் புதுவைத் துறைமுகத்துக்குக் கல்லைக் கொட்டி அலைத்தடுப்பு கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே கரையோரம் நகர்ந்து வந்த மணல் அங்கேயே நின்றுவிட்டது. வடக்கேயுள்ள குப்பங்களுக்கு மணல் வரவில்லை. அலை மட்டும் வந்தது. அதற்குத் தூண்டில் வளைவுதான் வேண்டும், ஆறுதல் வார்த்தை அல்ல. இதை எந்த உளவியல் அறிஞரும் மறுக்க மாட்டார்.

ஆனால், அறிவு கிடைத்திருந்தால் பிழைத்திருக்கக் கூடிய உயிர்களும் உண்டு. குடியை எடுத்துக் கொள்வோம். பல ஆண்டு நாள்தோறும் குடித்தவர், ஒரு நாள் குழந்தை தலையில் அடித்துச் சத்தியம் செய்து, அடியோடு நிறுத்துகிறார். இரண்டாம் நாள் கை நடுங்குகிறது, மூன்றாம் நாள் இல்லாத பூச்சியை விரட்டுகிறார், வலிப்பும் வரலாம். காற்றுச் சேட்டை என்று வீட்டார் மந்திரிக்க ஓடுகிறார்கள். நடந்தது என்ன? சாராயத்தின் அமுக்குதலுக்குப் பழகி, அதை எதிர்த்தே ஓடிக்கொண்டிருந்த மூளை, அமுக்குதல் திடீரென்று விலகியதும் கட்டுக்கடங்காமல் ஓடுகிறது. இது உயிரையே பறிக்கலாம். மருத்துவமனையில் மருந்தோடு நிறுத்த வேண்டும். துறையிலே முதலாண்டு மாணவருக்கும் தெரிந்த செய்தி இது. குப்பத்திலே எத்தனை பேருக்குத் தெரியும்? சாராயம் விற்ற வருவாயில் சர்க்கார் நடத்தத் தெரிந்தவர்கள் இதைச் சொல்லத் தெரியாமலா இருக்கிறார்கள்?

தெரியாமை என்ன செய்யும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்டு 6 அதிகாலை, மனநோயாளிகளை அடைத்து வைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள், ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். சங்கிலியில் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்துவிட்டது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக நடத்தாதே, கடும் மன உளைச்சலில் இருந்தவராகக் கருது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. இந்தச் செய்தியாவது தெருவுக்கு வந்ததா?

மூளை விஞ்ஞானத்தைப் பாமரனுக்குச் சொல்ல முடியாது என்பார்கள் சிலர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிபோர்னியாவிலே பேராசிரியரான வி. எஸ். இராமச்சந்திரனைப் பார்க்கட்டும். எந்திரத்தில் கை போன தொழிலாளி, இல்லாத விரல்கள் மடங்கி உள்ளங்கையில் குத்துவதாகத் துடிப்பார். பொய் சொல்லவில்லை அவர். கைதான் போயிற்று, மூளையிலே அந்தக் கைக்குரிய இடம் போகவில்லை. இராமச்சந்திரன் ஒரு பெட்டியில் சாதாரண நிலைக்கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையை அதன் முன்னே நீட்டச் சொன்னார். போன கை இருந்த இடத்தில் கண்ணாடிக் கை விரிந்தது. அதைக் கண்ட சிலருக்கு மடங்கிய விரல்களும் விரிந்தன, வலியும் தணிந்தது. இதையெல்லாம் 2003-இல் பி.பி.சி. வானொலியின் ரீத் சொற்பொழிவுகளிலே உலகமே கேட்கச் சொன்னார் அவர். நாம் நாலு வரியில் சொல்லிவிட்டோம்; ஆலைத் தோழர் யாருக்கேனும் புரியாமல் போயிற்றா?

இன்னும் பழைய கதை ஒன்று. 1935-இல் மைசூரிலே தம் இல்லத்திலிருந்து வானொலி நடத்தத் தொடங்கியவர் எம். வி. கோபாலசாமி. 'ஆகாசவாணி' என்ற பெயர் அங்கே வழங்கியதுதான். அவர் பொறியாளர் அல்லர். மைசூர்ப் பல்கலைக் கழகத்தின் உளவியல் பேராசிரியர்! கூடத்துக்குள்ளே பேசுவது போதாதென்று காற்றிலே பேசப் போன அந்த மரபை நம் துறைகள் நினைத்துப் பார்க்கட்டும்.

விதியைப் புரட்டினால் சிரிப்பு வருகிறது. முனைவர் பட்ட ஆய்வின் முடிவில் நடப்பதற்குப் பெயர் 'பொது' வாய்மொழித் தேர்வு. யாருக்கெல்லாம் அது திறந்தது? பல்கலைக் கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதி, ஆலோசனைக் குழுவினர், ஆசிரியர்கள், ஆய்வாளர்கள், மாணவர்கள் என்று வரிசையாகச் சொல்கிறது. பெயரில் இருக்கும் பொதுமக்கள் பட்டியலில் இல்லை!

பல மாநிலத்துப் பிள்ளைகள் படிக்கும் இடம் அது, உள்ளே ஆங்கிலம் வேண்டும் என்பதை ஒப்புகிறோம். இருக்கட்டும். ஆனால் பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் துபாசி வைத்துப் பேசிய ஊர் இது. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. நம் மனத்தை நாம் தெரிந்து கொள்ளவும் இன்னும் துபாசி தேட வேண்டுமா?

மாதம் ஓர் உரை தமிழில் நடக்கட்டும், பல்கலைக் கழகத்துக்கு வெளியே. குப்பத்தில் கேள்வித்தாளோடு வந்து பதில் வாங்கிப் போகிற ஆய்வாளர் எவரானாலும், முடிவு என்ன என்பதை அந்த ஊரிலேயே வந்து சொல்லட்டும். புதுவை அரசு அதற்கான செலவை ஏற்கட்டும். மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் நம் தோழர்கள் பொறுப்பு. அன்றைக்குக் கொடி கட்ட மாட்டார்கள்.

தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. மாற்றுக் கட்சிக்காரனைப் 'பைத்தியம்' என்று மேடையில் ஏசுவதை விட்டொழியுங்கள். கேட்கிற கூட்டத்திலே அந்த நோயாளியின் தாய் நிற்கிறாள். 14416 என்ற எண்ணைக் கிளைப் பலகையில் பெரிதாக எழுதி வையுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவித் தொலைபேசி அது. தமிழிலும் பேசுவார்கள், காசு கிடையாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். அவற்றில் கூலிக்குப் போகிறவர்கள் வீட்டில் இருப்பார்கள். கவலையும் கூடவே இருக்கும். முதல் உரையை அந்த நாட்களில், மாலை வேளையில், பிள்ளைச்சாவடியிலேயே வையுங்கள். கூடம் தேவையில்லை. மணல் மிச்சமிருக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து கொள்ளலாம்.