எங்க லேப்டாப்ல ஓடுச்சேண்ணா!

போன வாரம் பழனியிலிருந்து ஒரு மெயில். பி.சி.ஏ. கடைசி வருஷம், நாலு பேர் டீம். மெயில் முழுக்க ஒரே வரிதான். 'அண்ணா, எங்க புராஜெக்ட்ல எதுவுமே வேலை செய்யல. அடுத்த வெள்ளிக்கிழமை வைவா. காப்பாத்துங்க!'

டாக்டரிடம் போய் 'உடம்பு சரியில்ல' என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் அவர் என்ன மாத்திரை எழுதுவார்? நானும் டாக்டர் மாதிரியே நாலு கேள்வி கேட்டு பதில் போட்டேன். எந்த பட்டனை அழுத்தினீங்க? என்ன வரும்னு எதிர்பார்த்தீங்க? வந்தது என்ன? எந்த மெஷின்ல வந்தது? அன்று ராத்திரியே மூன்று பக்கத்துக்கு பதில் வந்தது. அதற்குள்ளேயே பாதி விடையும் இருந்தது.

புராஜெக்ட் சுவாரஸ்யமானது. கொடைக்கானல் இ-பாஸ் மாதிரியே ஒரு குட்டி இ-பாஸ். 2024 ஏப்ரல் 29-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது, மே 7-லிருந்து கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வண்டியில் போகிற சுற்றுலாப் பயணிகள் இணையத்தில் பாஸ் எடுக்க வேண்டியதாயிற்று. 2025-ல் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. பழனிப் பசங்களுக்கு இது பேப்பர் செய்தி இல்லை. 64 கிலோமீட்டர் மேலே ஏறினால் கொடைக்கானல். அண்ணன் டாக்ஸி ஓட்டுகிறார், மாமா லாட்ஜ் வைத்திருக்கிறார் என்று டீமில் எல்லோருக்கும் ஏதோ ஒரு சம்பந்தம் இருக்கிறது. பாஸில் குளறுபடி என்றால் ஒரு குடும்பம் குழந்தைகளோடு வெள்ளி நீர்வீழ்ச்சி சோதனைச்சாவடியில் நிற்கும் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

(கீழே நான் சொல்லப்போகிற கோளாறெல்லாம் இந்த மாணவர் புராஜெக்டில் இருந்தவை. அரசாங்கத் தளத்தைப் பற்றி இல்லை. யாரும் சண்டைக்கு வராதீங்க!)

முதல் பிரச்னை, தலைப்பில் இருக்கிற அந்த அமர வசனம். லேப்டாப்பில் பிரமாதமாக ஓடியது, டிபார்ட்மென்ட் லேபில் பக்கம் திறக்கிறது, பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை. உடனே டீமில் ஒருவர் பி.எச்.பி. கோடை மாற்ற ஆரம்பித்திருக்கிறார். இன்னொருவர் டேட்டாபேஸை அழித்துவிட்டு மறுபடி போட்டிருக்கிறார். நிறுத்துங்க மக்கா! எங்கே உடைந்தது என்று தெரியாமல் எதையும் தொடக் கூடாது. நீங்கள் எழுதிய வெப் அப்ளிகேஷனில் பிரவுசர், நெட்வொர்க், சர்வர், டேட்டாபேஸ் என்று நாலு ஆள் இருக்கிறார்கள். தப்பு யார் மேல் என்று முதலில் பாருங்கள்.

பிரவுசரில் எஃப் 12 பட்டனைத் தட்டுங்கள். நெட்வொர்க் என்று ஒரு பகுதி இருக்கும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு உங்கள் பட்டனை அழுத்துங்கள். கோரிக்கை வெளியே போகவே இல்லையா? தப்பு பிரவுசர் பக்கம், அதாவது ஜாவாஸ்கிரிப்ட். போய் 404 வந்ததா? முகவரி தப்பு. 403 என்றால் அனுமதி இல்லை. 500 என்றால் உங்கள் சர்வர் கோடு விழுந்துவிட்டது, சர்வரின் எரர் லாக் ஃபைலைத் திறந்து கடைசி வரிகளைப் படியுங்கள். எந்த ஃபைல், எந்த வரி என்று அதுவே புட்டுப் புட்டு வைத்திருக்கும். நம்மாட்கள் கூகுளைக் கேட்பார்கள், ஏ.ஐ.யைக் கேட்பார்கள், அந்த லாக் ஃபைலை மட்டும் திறக்க மாட்டார்கள். ஏன்தானோ!

இவர்கள் கதையில் கோரிக்கை போயிருக்கிறது. ஆனால் போன இடம் 'லோக்கல்ஹோஸ்ட்'. அந்த வார்த்தைக்கு 'இந்த மெஷின்' என்று அர்த்தம். லேப்டாப்பில் அது லேப்டாப், லேபில் அது லேப் மெஷின். அங்கே சர்வர் ஏது? 'எங்க வீட்டுக்கு வா' என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால் படிக்கிறவன் அவன் வீட்டுக்குத்தானே போவான்! முகவரியை கோடுக்குள் பதினேழு இடத்தில் எழுதாமல் ஒரே ஒரு செட்டிங் ஃபைலில் வைத்தார்கள், தீர்ந்தது. ஒரு கொசுறு: விண்டோஸுக்கு பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் ஒன்று. லினக்ஸ் சர்வருக்கு வேறு வேறு. படம் மட்டும் காணாமல் போனால் ஃபைல் பெயரைப் பாருங்கள்.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 2013 அக்டோபர் 1-ல் அமெரிக்காவில் மருத்துவக் காப்பீட்டுக்கான அரசுத் தளம் ஹெல்த்கேர்.கவ் திறந்தார்கள். முதல் நாள் முழுசாகப் பதிந்து முடித்தவர்கள் 6 பேர். அறுபது லட்சம் இல்லை, ஆறே ஆறு! காப்பாற்ற வந்த இன்ஜினீயர்கள் ஆரம்பத்திலேயே செய்த வேலைகளில் ஒன்று, தளம் எங்கே திணறுகிறது என்று எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒரு கண்காணிப்புத் திரை வைத்தது. அதுவரை அப்படி ஒன்று இல்லையாம்.

சரி, பழனிக்கு வருவோம். அடுத்த பிரச்னைதான் எனக்குப் பிடித்தது. டெமோவுக்காக வரம்பை 10 என்று வைத்திருக்கிறார்கள். 9 பாஸ் போயாச்சு. இரண்டு பேர் இரண்டு மெஷினில் ஒரே சமயத்தில் பட்டனை அழுத்த, இரண்டு பேருக்கும் பாஸ் வந்துவிட்டது. மொத்தம் 11. வந்திருந்த சார் சிரித்துவிட்டுப் போய்விட்டாராம். ஆனால் திரும்ப அழுத்திப் பார்த்தால் சரியாக வருகிறது! 'பேய் பிடிச்ச மாதிரி இருக்குண்ணா' என்று எழுதியிருந்தார்கள்.

பேயெல்லாம் இல்லை. உங்கள் கோடு என்ன செய்கிறது? முதலில் 'எத்தனை ஆச்சு?' என்று டேட்டாபேஸைக் கேட்கிறது. 9 என்று பதில் வருகிறது. பத்துக்குக் கீழேதானே என்று பாஸ் எழுதுகிறது. கேட்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளிக்குள் இன்னொருத்தரும் வந்து 'எத்தனை ஆச்சு?' என்று கேட்டால் அவருக்கும் 9 என்றுதான் பதில். பஸ்ஸில் காலி சீட்டை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு இரண்டு பேர் இரண்டு வாசலில் ஏறுகிற கதை. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்போம், இங்கேயும் அதேதான்.

கேட்பதையும் எழுதுவதையும் ஒரே கட்டளையாக்குங்கள். 'பதிவு எண்ணிக்கை வரம்புக்குக் கீழே இருந்தால் மட்டும் ஒன்று கூட்டு' என்று ஒரே அப்டேட். பிறகு எத்தனை வரிசை மாறியது என்று பாருங்கள். 1 என்றால் இடம் கிடைத்தது, 0 என்றால் ஹவுஸ்ஃபுல். அந்த அப்டேட்டையும் பாஸ் எழுதுவதையும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் வையுங்கள். நடுவில் கரென்ட் போனால் இரண்டும் சேர்ந்து ரத்தாகிவிடும். இதைத் தனியாக உட்கார்ந்து ஒரே மவுஸால் சோதித்தால் ஜென்மத்துக்கும் மாட்டாது. வரம்பு 10 வைத்து, ஒரு சின்ன புரோகிராமால் ஒரே நேரத்தில் 50 கோரிக்கை அனுப்பி, டேபிளில் எத்தனை பாஸ் என்று எண்ணுங்கள். 11 வந்தால் இன்னும் வேலை இருக்கிறது.

இதோடு கூடப் பிறந்த இன்னொரு கோளாறு உண்டு. மலைப்பாதையில் போகிறவர்களுக்குத் தெரியும், ஒரு வளைவில் சிக்னல் இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது. கோரிக்கை சர்வருக்குப் போய்ச் சேர்ந்து பாஸும் எழுதியாச்சு. பதில் திரும்பி வருகிறபோது சிக்னல் போச்சு. போன்காரர் என்ன செய்வார்? மறுபடி அழுத்துவார். இரண்டு பாஸ், வரம்பில் இரண்டு இடம் காலி. ஒரு முறை அழுத்தியதும் பட்டனை முடக்குவது நல்லதுதான், ஆனால் பக்கத்தை ரீலோட் செய்தால் பட்டன் திரும்ப உயிரோடு வந்து நிற்கும். வண்டி எண்ணும் தேதியும் சேர்ந்து ஒரு தடவைதான் வரலாம் என்று டேட்டாபேஸிலேயே 'யூனிக்' விதி போடுங்கள். இரண்டாவது கோரிக்கைக்கு எரர் காட்டாமல் பழைய பாஸையே எடுத்துக் கொடுங்கள். விதி போடுவதற்கு முன் வண்டி எண்ணில் இடைவெளியை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்குங்கள். டிஎன்-னுக்கும் 57-க்கும் நடுவில் ஒருவர் இடம் விடுவார், ஒருவர் விடமாட்டார். கணிப்பொறிக்கு அது இரண்டு வண்டி!

தேதிக் கோளாறு சின்னதுதான், ஆனால் செம காமெடி. ராத்திரி 1 மணிக்கு இவர்கள் சோதித்தால் பாஸில் நேற்றைய தேதி. பகலில் பார்த்தால் சரி. காரணம், எக்ஸாம்ப் இன்ஸ்டால் செய்தால் அதன் பி.எச்.பி. செட்டிங்கில் வழக்கமாக இருப்பது பெர்லின் நேரம்! நமக்கு நள்ளிரவு தாண்டியும் ஜெர்மனியில் நேற்றே நடந்துகொண்டிருக்கும். டேட்டாபேஸோ விண்டோஸைக் கேட்டு இந்திய நேரம் சொல்லும். ஒரே புராஜெக்டில் இரண்டு நாடு. 'ஏசியா/கொல்கத்தா' என்று ஒரு வரி போட்டதும் சரியானது. நாளை வெளி சர்வரில் ஏற்றும்போதும் பாருங்கள். அங்கே பெரும்பாலும் யு.டி.சி. நேரம், நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால்.

கடைசியாகத் தமிழ். பெயரைத் தமிழில் அடித்தால் டேபிளில் வரிசையாகக் கேள்விக்குறி. பழைய மைசீக்வல் ஸ்வீடனில் பிறந்தது. 8-ம் பதிப்பு வரும் வரை அதன் இயல்பான எழுத்து முறை லத்தீன், அகரவரிசை ஸ்வீடிஷ். அதற்கு 'ழ' எங்கே தெரியும்? டேபிள், டேட்டாபேஸ் இணைப்பு, பக்கம் மூன்றும் யு.டி.எஃப்.-8 ஆக இருக்க வேண்டும், ஒன்று விட்டாலும் போச்சு. கேள்விக்குறியாகச் சேமித்தது திரும்ப வராது, மறுபடி அடிக்க வேண்டியதுதான். இன்னொன்று, 'கொடைக்கானல்' என்ற சொல் நமக்கு 6 எழுத்து. யூனிகோட் கணக்கில் 11. பைட்டில் 33. பெயருக்கு 20 பைட் போதும் என்று இடம் ஒதுக்கினால் ஊர் பாதியிலேயே வெட்டுப்படும்.

நேற்று மறுபடி மெயில். 'மூணு சரியாயிடுச்சுண்ணா. அந்த யூனிக் விதி மட்டும் போட மாட்டேங்குது, எரர் வருது' என்று எரரை அப்படியே ஒட்டி அனுப்பியிருந்தார்கள், எந்த மெஷின் என்று எழுதி! தேறிட்டாங்க. தம்பிகளா, தங்கைகளா, டேபிளில் ஏற்கெனவே இரட்டைப் பதிவு இருந்தால் விதி ஏறாது. முதலில் பேக்கப் எடுங்கள். பிறகு ஒவ்வொரு வண்டிக்கும் தேதிக்கும் முதலில் பதிவான வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள், நீக்கியதைப் பதிவு எண்ணிக்கையிலும் கழியுங்கள். வெள்ளிக்கிழமை சார் கேட்டால் அந்தப் 11-வது பாஸ் கதையை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.