பகடை உருட்டி ஒரு வாள் சண்டை

பேரப்பிள்ளைகள் பகடையை எடுத்தாலே நம் வயதுக்காரர்களுக்குச் சகுனி ஞாபகம் வந்துவிடுகிறது. என் வீட்டிலும் அதே கதைதான். பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த பேரன் இருபது முகப் பகடையை மேசையில் உருட்டியதும், "வீட்டுல சூதாட்டமா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. இதில் காசு வைப்பதில்லை. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டம் இது. ஆளுக்கொரு கதாபாத்திரம். கதை சொல்லி நடத்துபவர் ஒருவர். சண்டை வந்தால் பகடை பேசும். தாயம் ஆடி வளர்ந்த நமக்கு இது விளங்காத வித்தை இல்லை. தாயம் விழாமல் காய் உள்ளே போகாது, இங்கே எண் விழாமல் வாள் உள்ளே போகாது.

துய்மாவின் மூன்று மஸ்கெத்தியர்களைப் பிரெஞ்சிலேயே படித்து வளர்ந்தவன் நான். சண்டை என்றதும் வாள் சண்டைதான் வேண்டும் என்றேன். கதையில் வருவது வேண்டாம், நிஜத்தில் நடந்ததை ஆடிப் பார்ப்போம் என்று தெஃபேர் - ரிபியேர் சண்டையை எடுத்தோம்.

அந்தச் செய்தி உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். 1967 ஏப்ரலில், பாரிஸ் நாடாளுமன்றத்தில், மர்செய் நகர மேயர் கஸ்தோன் தெஃபேர், ரெனே ரிபியேர் என்ற இன்னொரு உறுப்பினரைப் பார்த்து 'வாயை மூடு, மடையா' என்கிற பொருளில் கத்திவிட்டார். ரிபியேர் மன்னிப்புக் கேட்கச் சொன்னார், இவர் மறுத்தார். ஏப்ரல் 21ஆம் தேதி, பாரிஸை ஒட்டிய நெய்யியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் இருவரும் வாளெடுத்தார்கள். மறுநாள் ரிபியேருக்குக் கல்யாணம்! ஏறக்குறைய நான்கு நிமிடம் நடந்தது. முதல் காயம் பட்டும் ரிபியேர் நிறுத்தவில்லை. இரண்டாவது காயம் பட்டதும் நடுவர் ழான் தெ லிப்கோவ்ஸ்கி நிறுத்திவிட்டார். பிரான்சின் கடைசி வாள் சண்டை அதுதான் என்பார்கள்.

இப்போது மேசைக்கு வருவோம். பேரன் வைத்திருந்தது புதிய விதி நூல். கவசம் போடாத, சுறுசுறுப்பான ஆளுக்குத் தற்காப்பு எண் 12. தாக்குபவர் இருபது முகப் பகடையை உருட்டி, தன் திறமைக்கு 4 கூட்டிக்கொள்ள வேண்டும். 12 வந்தால் வெட்டு விழுந்தது. அதாவது பகடையில் 8 முதல் 20 வரை எது விழுந்தாலும் போதும், நூற்றுக்கு அறுபத்தைந்து வாய்ப்பு. வெட்டு விழுந்தால் எட்டு முகப் பகடையை உருட்டி 2 கூட்டி, எதிராளியின் உயிர்ப்புள்ளியில் கழிக்க வேண்டும். ஆளுக்கு 12 உயிர்ப்புள்ளி. ஒரு சுற்று என்பது 6 விநாடி.

மூன்றாவது சுற்றில், பதினெட்டே விநாடியில், தெஃபேர் விழுந்தார். நிஜத்தில் அந்த மனிதர் 1981இல் மித்தெரானின் உள்துறை அமைச்சராகி, 1986 வரை மர்செய் மேயராகவும் இருந்தவர்!

பகடை தப்பாக விழுந்தது என்று நான் குறை சொல்லவில்லை. வாள் சண்டையில் அதிர்ஷ்டத்துக்குப் பங்கு உண்டு. கால் வழுக்கும், வெயில் கண்ணில் அடிக்கும். அதை ஒரு எண்ணாக்கி உருட்டுவது நியாயம்தான். என் சண்டையெல்லாம் விதி நூலோடு. நான்கு நிமிடத்துக்கு 40 சுற்று வருகிறது. அறுபத்தைந்து விழுக்காடு என்றால் ஆளுக்கு 26 வெட்டு. நெய்யியில் நடந்ததோ மொத்தம் இரண்டு. இந்த ஆட்டத்தின் பழைய பதிப்புகளில் ஒரு சுற்று முழுதாக ஒரு நிமிடமாம். அந்த நிமிடத்துக்குள் பாய்ச்சு, விலகல், ஏமாற்று எல்லாம் நடந்து முடிகிறது, நாம் உருட்டுவது கிடைத்த ஒரு நல்ல சந்தர்ப்பத்துக்கு மட்டும் என்று கைகாக்ஸ் விளக்கியிருக்கிறார். வாள் பிடித்தவர்கள் பெரும்பாலான நேரம் ஒருவரை ஒருவர் அளந்துகொண்டுதான் நிற்பார்கள். பழைய விதி அதை அறிந்திருந்தது.

அடுத்தது உயிர்ப்புள்ளி. ஆபீசில் நாங்கள் வைத்திருந்த தற்செயல் விடுப்புக் கணக்கு மாதிரிதான். பன்னிரண்டு நாளில் பதினொன்று போனாலும், மிச்சமிருக்கிற ஒரு நாளும் முழு நாள்தான். பன்னிரண்டில் ஒரு புள்ளி மிஞ்சினாலும் அந்த ஆள் முழு ஆள் மாதிரியே வெட்டுகிறான். "அதெப்படிடா?" என்றேன். "தாத்தா, புள்ளி இருக்கிற வரைக்கும் கை வலிக்காது" என்றான். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தால் எல்லாப் புள்ளியும் திரும்பி வந்துவிடுமாம்! கால்வா என்ற கணித மேதை 1832இல் வயிற்றில் குண்டு வாங்கிய மறுநாள் காலையில் செத்தான். வயது இருபது. அவனுக்கு எந்தப் புள்ளியும் திரும்பவில்லை.

அப்படி யாரும் சாகக்கூடாது என்பதற்காகத்தான் இதுபோன்ற சண்டைகளில் சாட்சிகளும் நடுவரும் இருந்தார்கள். எந்த ஆயுதம், எந்த இடம், எப்போது நிறுத்துவது என்று சாட்சிகள் முன்கூட்டியே பேசி முடிப்பார்கள். மானம் காப்பாற்றப்பட்டது என்று யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும். விதி நூலின் சண்டைப் பகுதியில் வெட்டுவதற்கு இத்தனை கணக்கு இருக்கிறது, போதும் என்று சொல்வதற்கு ஒரு கணக்கு இல்லை.

பழைய பதிப்பொன்றில் மனத்திடத்துக்கு என்று ஒரு சோதனை உண்டு. இரண்டு சாதாரணப் பகடை உருட்டி, குறித்த எண்ணைத் தாண்டினால் எதிரி பின்வாங்குவான். ஆனால் அது அரக்கர்களுக்கும் அடியாட்களுக்கும்தான். ஆடுகிறவரின் நாயகனுக்குப் பயமே கிடையாது! இது எனக்குச் சம்மதமில்லை. காயம் பட்ட யாரும் உருட்டட்டும், எட்டைத் தாண்டினால் நடுவர் கை தூக்கட்டும் என்றேன். புள்ளிக் கணக்கை அடித்துவிட்டோம், சுற்றை ஒரு நிமிடமாக்கினோம்.

பேரனுக்கு முதலில் பிடிக்கவில்லை, "யாருமே சாகலைன்னா என்ன ஆட்டம்?" என்றான். ஆனால் ரிபியேருக்கு முதல் காயம் பட்டு, அவன் உருட்டியது சரியாக எட்டு. நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டான். நான்காவது நிமிடம் இன்னொரு வெட்டு, இந்த முறை ஒன்பது. நடுவர் நான்தான். கையைத் தூக்கினேன். மாப்பிள்ளை கல்யாணத்துக்கு மிஞ்சினார்.