பாம்பும் இல்லை, புழுவும் இல்லை

இரண்டு பக்கமும் நல்லவராக நடப்பவரை "பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிறார்" என்று திட்டும்போது, நம் பெரியவர்கள் வம்புக்கு இழுப்பது விலாங்கைத்தான். பாவம் அது. சென்ற மாதம் காலை நிகழ்ச்சிக்கு அழைத்த ஒரு நேயர், மழை விட்டதும் புளோக் பக்கத்துக் கால்வாயில் பழுப்புப் பாம்பு நெளிந்ததாகவும், பக்கத்து வீட்டுக்காரர் துடைப்பத்தோடு இறங்கிவிட்டதாகவும் சொன்னார். அவர் அனுப்பிய படத்தில் இருந்தது சேற்று விலாங்கு!

அடையாளம் காண்பது எளிது. செதில் கிடையாது, பக்கத் துடுப்புகள் கிடையாது. தொண்டைக்கு அடியில் ஒரே ஒரு செவுள் பிளவு. சைனாடவுன் ஈரச்சந்தையில் தொட்டிக்குள் பின்னிக் கிடக்குமே, அதன் சொந்தக்காரர்தான். வாய், தொண்டையின் உட்தோல் வழியே காற்றைச் சுவாசிப்பதால், தண்ணீர் வற்றினாலும் ஈரச் சேற்றில் தாக்குப்பிடிக்கும். பெரும்பாலானவை பெண்ணாகப் பிறந்து, வளர்ந்தபின் ஆணாக மாறுகின்றன. முட்டைகளைக் காவல் காப்பது அப்பா. (எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.)

சந்தையில் வாங்கி நீர்த்தேக்கத்தில் விட்டால் புண்ணியம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம். விசாக தினத்தையொட்டி இதற்காகவே தொண்டூழியர்கள் நீர்த்தேக்கங்களில் நின்று எடுத்துச் சொல்கிறார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1990களில் தென்பட்ட ஆசியச் சேற்று விலாங்கை இன்றுவரை ஒழிக்க முடியவில்லை.

என்னை அதிகம் ஈர்த்தது இதன் இந்திய உறவினர்கள். 2020இல் ஆய்வாளர்கள் அவற்றுக்குத் தனிப் பேரினம் வகுத்து 'ரக்தமிக்திஸ்' என்று பெயரிட்டார்கள். நம் 'ரத்தம்' அதில் ஒளிந்திருக்கிறது. 'இக்திஸ்' என்றால் கிரேக்கத்தில் மீன். நிலத்தடியில் வாழ்வதால் தோலில் நிறமியே இல்லை, உள்ளே ஓடும் ரத்தம்தான் நிறம். மேகாலயாவின் காசி மலையில் ஈரமண்ணைத் தோண்டியபோது ஓர் இனம் கிடைத்தது. மும்பை ஜோகேஷ்வரியில் பார்வையற்றோர் பள்ளி வளாகக் கிணற்றில் கிடைத்த, கண்ணில்லாத இனத்துக்கு மும்பாதேவியின் பெயரையே வைத்து 'மும்பா' என்றார்கள். கேரளத்தில் கோழிக்கோட்டுப் பக்கக் கிணறுகளில் கிடைத்த ஓர் இனம் 2002இல் பெயர் பெற்றது.

செம்பாறைக்கு அடியில் ஓடும் தண்ணீருக்குள் நாம் போக முடியாது. கிணறுதான் ஜன்னல். தூர் வாரும்போது மேலே வருவதைப் புழு என்று வீசிவிட்டால் கதை அதோடு முடிந்தது. இப்போது ஜன்னல்களே குறைந்துவருகின்றன.

நாகர்கோவில் அருகே என் தாய்மாமா வீட்டிலும் ஆழ்துளைக் கிணறு போட்டாகிவிட்டது. பழைய கிணற்றைக் கான்கிரீட் போட்டு மூடப் போகிறாராம், பிள்ளைகள் விழுந்துவிடக்கூடாதே என்று. அவர் பயம் நியாயம்தான். மூடி வேண்டாம், இரும்பு வலை போடுங்கள்; அதற்கு முன் ஒருமுறை தூர் வாரி, சிவப்பாக எது நெளிந்தாலும் வாளித் தண்ணீரில் விட்டுப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறேன். "புழுவைப் பார்க்கவா சிங்கப்பூரிலிருந்து போன் பண்றே?" என்றார். வலைக்கு எவ்வளவு ஆகும் என்று கொல்லரிடம் விசாரித்திருக்கிறாராம்.